மூடி திறக்காமல் ஒரு கோழிக்குழம்பு

இருட்டிய பிறகு எங்கள் மாடிப்படியில் ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு வருவது போல ஒரு சத்தம் கேட்டால், அது என் கணவரின் இடது கால். வலது கால் பிறகு வரும். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் நிற்பதற்கு ஒரு கால் எப்போதும் தேவைப்படுகிறது, அதனால் அதை மட்டும் நிறுத்திவைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் வேலை உள்ள எல்லாரும் இப்படித்தான் வீடு திரும்புகிறார்கள். உடம்பில் எதற்கு வேலை முடிகிறதோ அது முதலில் கிளம்பிவிடும். பஸ்ஸில் ஏறத் தெரிந்தவை பஸ்ஸில் வரும், மற்றவை நடந்து வரும். ஆகவே இங்கே யாரும் ராத்திரியில் கதவைத் தாழிடுவதில்லை. ஒருக்களித்துச் சாத்தி, காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க இடையில் ஒரு செருப்பை வைப்போம்.

கீழ்மாடி சலேத் அக்கா வீட்டுக் கதவு மட்டும்தான் உள்பக்கம் தாழிட்டிருக்கும். அக்காவின் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உள்ளே முழுசாக உட்கார்ந்து சிரித்துப் பேசுவது மேலே எங்கள் வாசல்வரை கேட்கும். சலேத் அக்கா வெளியே படியில் உட்கார்ந்து, முருங்கைக் கொப்பைக் காலடியில் அழுத்திக்கொண்டு, ஒரு கையால் கீரை உருவிக்கொண்டிருப்பாள். நான் கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து அவளை அந்தப் படியில்தான் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் திறந்த கதவு பயம். நான் கான்வென்ட் போர்டிங்கில் வளர்ந்தவள். அங்கே ஜெபம் முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் சாத்திவிடுவார்கள், சிஸ்டர் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். இங்கே யாருடைய எது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். போன மழைக்காலத்தில் அந்நிய ஆண் ஒருவரின் காது எங்கள் வீட்டுக்குள் வந்து, என் மகள் எமிலினின் தலையணை ஓரத்தில் விடியும்வரை படுத்திருந்தது. நான் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"யாரோடதோ. வழி தவறி வந்திருக்கும்," என்றார் என் கணவர் ரெஜிஸ். அவருடைய வாய் அன்று சீக்கிரமே வந்திருந்தது. "நீ தூங்கு ளா."

விடிந்ததும் அதை ஒரு தாளில் எடுத்துப் படியில் வைத்தேன். அது போய்விட்டது. அன்றைக்கே என் இடது கைக்குச் சொல்லிவைத்தேன்: வெளியிலிருந்து எது வந்து கதவைத் தட்டினாலும் உள்ளே விடாதே.

இடது கைக்குச் சொல்லக் காரணம் உண்டு. பெண்கள் வேலைக்குக் கிளம்பும்போதே ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவோம். நான் விட்டுச்செல்வது இடது கையை. பிறவியில் நான் இடதுகைப் பழக்கம் உள்ளவள். சிஸ்டர் எழுத்தை வலது கைக்கு மாற்றினார். அன்றிலிருந்து வலது கை படித்தது, இடது கை வீட்டோடு தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில், இன்சூரன்ஸ் கவுன்ட்டரில், எனக்கு வலது கை போதும். நான் திரும்பி வருவதற்குள் இடது கை பாத்திரம் தேய்த்து, துணி மடித்து, சோறு வடித்து முடித்திருக்கும். நல்ல கை. சொன்னதை உடனே செய்யும்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறையில்லை, எமிலின் ஒன்றாம் வகுப்பில் சேரும்வரை.

பள்ளி விட்டதும் அபாகஸ், அது முடிந்து கீபோர்டு, அதற்குப் பிறகு கையெழுத்து வகுப்பு. ஒருநாள் வேன்காரர் இறக்கிவிட்டபோது பிள்ளை முழுசாகத்தான் இருந்தாள். ரிப்பன், ஷூ, சாக்ஸ், தண்ணீர் பாட்டில், எல்லாம் இருந்தன. "பசிக்குதா கண்ணு?" என்றேன். வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை.

இருட்டிய பிறகு படிக்கட்டில் அது கேட்டது. காலடிச் சத்தமே இல்லாமல் ஒரு குழந்தைக் குரல் மட்டும் படி ஏறி வந்தது. "செவன் ஒன்ஸ் ஆர் செவன். செவன் டூஸ் ஆர் ஃபோர்டீன்." முதல் திருப்பத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டது. பிறகு கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, தூங்கிக்கொண்டிருந்த எமிலினின் வாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

"பிள்ளைக்கும் வேலை வந்தாச்சு," என்றார் ரெஜிஸ். அவர் குரலில் பெருமை இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. முகம் இன்னும் வந்திருக்கவில்லை.

அதன் பிறகு குரல் தினமும் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒருநாள் விடிகிற நேரத்தில் வந்தது, ஒயிட்போர்டு மார்க்கர் வாசனையோடு, தொண்டை கட்டி. மேல்மாடியில் ஒரு பையன் இருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பில் கோச்சிங் சேர்ந்தான். முதலில் தலை தாமதமாக வந்தது, பிறகு வாரம் ஒருமுறை வந்தது, இப்போது வருவதில்லை. அவன் அம்மா தினமும் அவன் சட்டைக்குக் காலர்வரை பொத்தான் போட்டுவிடுகிறாள். ரொம்ப நாள் வெளியே தங்கிவிட்டால் வழி மறந்துபோகும் என்று சொன்னாள். எமிலினின் குரலுக்கு வயது ஆறு. அதற்கு வழி மறக்க எவ்வளவு நேரமாகும்?

நான் சலேத் அக்காவிடம் போனேன்.

"உங்க வீட்டுல மட்டும் எப்படிக்கா எல்லாரும் முழுசா இருக்காவ?"

"ஒரு நாளு அத்தன பேரையும் முழுசா சேத்து உக்கார வச்சிச் சோறு போட்டேன் ளா. போட்ட கையோட கதவுக்குத் தாப்பா போட்டாச்சு. முழுசா இருக்கையில தாப்பா விழுந்துட்டா, அப்புறம் பிரியாது."

"எப்படிச் சேத்தீங்க? நான் போன ஞாயித்துக்கிழம குக்கர்ல கோழி வச்சேன். நாலு விசில் போகல, ஹால் முழுக்கக் காதா வந்து நிக்கி."

"பொறவு? விசில் காத மட்டுந்தான் கூப்பிடும்." அக்கா கொப்பைத் திருப்பிப் போட்டாள். "மெள்ள வேகணும் ஜெனோவா. காலையில வச்சா சாயந்தரம்தான் எறக்கணும். அப்பதான் வாசம் நடந்து போயி, ஒவ்வொண்ணா தொட்டுக் கூட்டியாரும். நடுவுல மூடியத் தொறந்துராத. தொறந்தா மொத்தமா ஓடிப்போவும். ஓடுற வாசம் நின்னு வழி சொல்லாது."

"வேற எதாவது?"

"வாசல்ல ஒரு ஆளு நிக்கணும். எல்லாம் உள்ள வந்துட்டான்னு பாக்க."

என் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர், அட்டைப்பெட்டியோடு பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்தேன். கரண்டில் ஓடும் பீங்கான் சட்டி, கண்ணாடி மூடி. அவ்வளவுதான்.

செய்முறை எளிது. வேலைக்குப் போகும் யாரும் செய்யலாம். கோழி தொடையும் காலுமாக எலும்போடு இருக்க வேண்டும். வெறும் சதை அவ்வளவு நேரம் தாங்காது. மஞ்சளும் உப்பும் தடவி வைத்துக்கொண்டேன். சட்டியின் அடியில் உரித்த சின்ன வெங்காயம், பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கு, அதன்மேல் கோழி. இஞ்சி பூண்டு விழுது, மல்லித்தூள், மிளகு, சோம்பு, பிசைந்த தக்காளி, ஒரு கொத்து கறிவேப்பிலை. வதக்கவோ தாளிக்கவோ வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் போதும், கோழியே விட்டுக்கொள்ளும். தேங்காய்ப்பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடைசியில் ஊற்ற மூடியைத் திறக்க வேண்டும். எனவே முதலிலேயே ஊற்றினேன். மூடினேன். குறைந்த சூட்டில் திருப்பிவைத்தேன்.

மிச்சமிருந்த தேங்காய் எண்ணெயைக் கதவின் இரண்டு தாழ்ப்பாள்களுக்கும் போட்டேன். மேலேயுள்ளது உடனே அசைந்தது. கீழேயுள்ளதற்கு இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது.

இடது கையைக் கழற்றி மூடியின்மேல் வைத்தேன். "யார் கேட்டாலும் திறக்காதே," என்றேன். அது விரல்களை விரித்து மூடியை அழுத்திக்கொண்டது.

பகலில் என் கொழுந்தன் லிகோரியின் மூக்கு வந்ததாம். லிகோரி எங்களோடு இருப்பவன், பைக்கில் ஊருக்கெல்லாம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. மூடி ஓரத்தை முகர்ந்து கெஞ்சிப் பார்த்ததாகவும், என் கை அதைச் சுண்டிவிட்டதாகவும் பிறகு அவனே சொன்னான்.

பிற்பகலில் வாசம் ஆஸ்பத்திரிக்கு வந்தது. வரிசையில் கடைசியில் நின்றது. முன்னால் ஒரு கர்ப்பிணியும், கட்டுப்போட்ட முதியவர் ஒருவரும் இருந்தார்கள். தன் முறை வந்ததும் கவுன்ட்டருக்கு அடியில் நுழைந்து என் முழங்காலைத் தொட்டது. நான் எழுந்தேன். "எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். "வீட்டுக்கு," என்றேன். அவருக்கு அந்த வாசம் இல்லை, அது எங்கள் வீட்டுடையது.

பைபாஸ் சாலையில் உப்பு லாரிகளின் ஓரமாக ரெஜிஸின் வலது கால் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் அதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வெளுத்திருந்தது, குதிகால் வெடித்திருந்தது. அதன் வேகத்துக்கு நான் நடந்தேன்.

கான்வென்ட்டில் நான் வகுப்பு லீடர். லீடர் வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றுதான் பெயர் கூப்பிட வேண்டும். எல்லாரும் உள்ளே போய், எல்லாப் பெயருக்கும் பதில் வந்த பிறகுதான் கதவு சாத்தப்படும். லீடரின் பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. சலேத் அக்கா வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்றபோது, அது எனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தேன்.

படி ஏறி, வாசலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி, வழிவிட்டு நின்றேன். வலது கால் போயிற்று. ரெஜிஸின் தோள்கள் போயின. அவருடைய கழுத்துச் சுளுக்கு தனியாக, கொஞ்சம் பின்தங்கி வந்து சேர்ந்தது. லிகோரியின் இரண்டு கைகள் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு வந்தன. அவன் வயிறு ஏற்கெனவே தரையில் விரித்த பாயில் உட்கார்ந்திருந்தது.

"லேய், ஒன் வயிறு மட்டும் எப்பவும் டூட்டி முடிஞ்சி மொத ஆளா வந்துருதே," என்றார் ரெஜிஸ்.

"ஊருக்கெல்லாம் பிரியாணி செமக்குறது நானு. அது என்ன செய்யும் பாவம், வாசத்தத் தாங்கிக்கிட்டு?"

"செமக்குறது முதுகுல்லா? வயித்துக்கு என்ன வேல?"

"மைனி, பாருங்க ஒங்க வீட்டுக்காரர. இப்பதான் வாயி வந்துச்சி, அதுக்குள்ள."

நான் கூப்பிட ஆரம்பித்தேன். "ரெஜிஸ், இடது கால்?" தரையில் ஒரு தட்டு. "வலது கால்?" ஒரு தட்டு. "கண்கள்?" "இருக்கு." "லிகோரி, முதுகு?" "வலியோட இருக்கு மைனி." "மூக்கு?" "அடி வாங்கிட்டு இருக்கு." "எமிலின், கைகள்?" பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "காதுகள்?" ரிப்பனை ஒதுக்கிக் காட்டினாள். "குரல்?"

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். பிறகு குனிந்துகொண்டார்கள்.

இருட்டியது. யாரோ படிவிளக்கைப் போட்டார்கள். உள்ளே என் இடது கை மூடியைவிட்டு நகரவில்லை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி நீர்முத்தாக உருண்டு விழுவது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. ஒரு குரலுக்கு மூக்கு இல்லையே, வாசம் அதற்கு எட்டுமா என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அதை இப்போது யோசித்தேன். மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முழு ஜெபம் வாயில் வரவில்லை.

பிறகு கீழே, தூரத்தில், கேட்டது. "செவன் சிக்ஸஸ் ஆர் ஃபார்ட்டி டூ." முதல் திருப்பத்தில் மூச்சு வாங்கிக்கொண்டது. என் முன்னால் வந்து, என் இடுப்பு உயரத்தில் நின்றது.

"கோழியாம்மா?" என்றது.

"கோழிதான் கண்ணு. உள்ள போ."

"டென் வரைக்கும் முடிக்கல."

"பரவால்ல. அப்பா இருக்காங்க பாரு. ரெண்டு காலும் இருக்கு."

அது உள்ளே போயிற்று. எமிலின் விக்கினாள். பிறகு, விழித்திருக்கும்போதே, வாயசைவும் சத்தமும் ஒன்றாக, எத்தனையோ நாளுக்குப் பிறகு, "எனக்குக் கால் பீஸ்!" என்று கத்தினாள்.

இடது கை மூடியைத் திறந்தது. ரெஜிஸ் சோற்றைக் குழியாக்கிக்கொண்டார். லிகோரி கண்ணை மூடிக்கொண்டான். எலும்பிலிருந்து சதை தானாக விலகியது.

"தேங்காப்பால் திரிஞ்சிருக்கு ஜெனோ," என்றார் ரெஜிஸ்.

"தெரியும்."

"நல்லாத்தான் இருக்கு. நீயும் வந்து உக்காரேன். எதுக்கு அங்கயே நிக்க?"

"இதோ," என்றேன். வாசலில் கிடந்த செருப்பை ஓரமாகத் தள்ளினேன். என் வலது காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்தேன்.

அப்போது அவருடைய போன் அடித்தது. யார்டிலிருந்து. அவர் அதை எடுக்கவில்லை. ஆனால் பாயில் மடங்கியிருந்த அவருடைய வலது கால் மணிச்சத்தம் கேட்டதும் நிமிர்ந்தது. எழுந்தது. வாசலை நோக்கி நடந்தது. அதே நேரத்தில் எமிலினின் வாய் மெல்வதை நிறுத்தியது. "செவன் செவன்ஸ் ஆர்," என்று ஆரம்பித்த குரல் அவள் உதட்டைவிட்டு இறங்கித் தரையோடு வந்துகொண்டிருந்தது. பிள்ளை என்னைப் பார்த்தாள். கையில் கால் பீஸ் இருந்தது.

கதவு பாதிதான் திறந்திருந்தது. நான் உள்ளே போவதானால் இன்னும் ஒரு ஆள் அகலத்துக்குத் திறக்க வேண்டும். அந்த அகலத்தில் ஒரு காலும் ஒரு குரலும் தாராளமாக வெளியே போய்விடும்.

"பாதத்த எடுத்துக்க ளா, கதவுல மாட்டிரும்," என்றாள் சலேத் அக்கா, கீழ்ப்படியிலிருந்து.

நான் பாதத்தை வெளியே இழுத்துக்கொண்டேன். வெளியிலிருந்து கதவைத் தள்ளிச் சாத்தினேன். "தாழ்ப்பாளைப் போடு," என்றேன், உள்ளே இருந்த என் இடது கையிடம். சிஸ்டர் என்னிடம் பேசிய அதே தொனியில், சத்தம் போடாமல் சொன்னேன். கரண்டி கீழே விழுந்தது. விரல்கள் கதவில் ஏறின. மேல்தாழ்ப்பாள் விழுந்தது. எண்ணெய் போட்டிருந்ததால் சத்தம் அதிகமில்லை.

கதவின் மறுபக்கம் ஒரு கால் இரண்டு தடவை உதைத்தது. பிறகு நின்றது. "ஃபார்ட்டி நைன்," என்று ஒரு குரல் மரத்தோடு ஒட்டிச் சொல்லியது. அதன் பிறகு அதுவும் திரும்பிப் போயிற்று. மெல்லும் சத்தம் கேட்டது.

சலேத் அக்கா படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். அவளுக்கு வலது கை மட்டும்தான் இருந்தது. எனக்கும் அப்படித்தான். கொப்பை அவள் மிதித்துக்கொண்டாள், நான் உருவினேன். கீழே அவள் வீட்டில் யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அந்த வேடிக்கை அவளுக்குத் தெரிந்திருந்தது போல.

கீரை முடிந்த பிறகு, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவிளக்கில் இதை எழுத ஆரம்பித்தேன். வலது கைக்குத் தெரிந்தது அதுதான்.

"ஒரு தடவ தட்டிப் பாரு," என்றாள் அக்கா. "எல்லாரும் ஒரு தடவ தட்டுவாவ."

பேனாவை வைத்துவிட்டுப் போய்த் தட்டினேன். மெதுவாக, விரல் முட்டியால்.

"யாருப்பா?" என்றாள் எமிலின். முழுக் குரல். சோறு நிறைந்த, கனமான குரல்.

"யாரோட கையோ," என்றார் ரெஜிஸ். "வழி தவறி வந்திருக்கும். நீ சாப்பிடு."

"மைனிய எங்க?" என்றான் லிகோரி.

"இங்கதான் இருக்கா. ஒனக்குத்தான் கொழம்பு ஊத்திக்கிட்டு இருக்கா, தட்ட நீட்டு."

ஊற்றும் சத்தம் நின்றது. கரண்டியைச் சட்டியில் வைத்த சத்தம் கேட்டது. விரல்கள் தரையோடு நடந்து கதவருகே வருவது கேட்டது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன. நான் சொல்லிக்கொடுத்தபடியே, என் இடது கை கீழ்த்தாழ்ப்பாளையும் போட்டது.